மூன்றாம் வளைவில் மூச்சு வாங்கும் வண்டி

பிப்ரவரி 15, ஞாயிறு

ஒரு வழியாகக் கிளம்பிவிட்டோம். விடியற்காலை ஆறு மணிக்கு என்று பேசி வைத்த பயணம், பேராவூரணி எல்லையைத் தாண்டும்போது மணி பதினொன்றரை. காரணம், இவர் சாமான் அடுக்கினார்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் வைரக்கண்ணு. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, இருபத்து நாலு வருஷம் கழித்துப் போன தீபாவளிக்குத்தான் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். அதுவரை வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. அதில் பாதி விருந்துக்குப் போகும், பாதி துக்கம் விசாரிக்கப் போகும், மீதி இருந்தால் என்னோடு பேசுவார். நானும் அரசு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்த வேலையை விருப்ப ஓய்வில் விட்டுவிட்டேன். மகள் கயல் ஓசூரில் குடித்தனம். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஊர் பார்க்கலாமே என்று இவர் ஒரு பழைய டீசல் வேனை வாங்கினார். கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து அதை வீடாக்கினார். முதல் ஊர் கொல்லிமலை.

சாமான் அடுக்குவதில் இவரை மிஞ்ச ஆளில்லை. ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் தைலப் பாட்டில். லீவுக்கு வரும்போதெல்லாம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் ஒரு தெருவுக்கே பரிசு கொண்டுவந்த கை அது. "சும்மா கெடக்குற எடத்தப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு மங்கை" என்று சொல்லிச் சொல்லி, வேனின் சந்து பொந்தையெல்லாம் முழங்காலால் அழுத்தி அடைத்தார்.

போன வாரம் கம்பெனியிலிருந்து குரியன் சார் போன் செய்தார். இன்னும் இரண்டு வருஷம் வர முடியுமா, மேனேஜர் பதவி, 26ஆம் தேதிக்குள் பதில் வேண்டும் என்றாராம். "நீ என்ன சொல்ற?" என்று இவர் கேட்டார். "உங்க இஷ்டம்" என்றேன். எனக்கென்ன? இத்தனை வருஷம் தனியாக இருந்தவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் பெரிய விஷயமா? குறட்டைச் சத்தமாவது குறையும்.

பிப்ரவரி 16, திங்கள்

முசிறி தாண்டி ஒரு புளிய மரத்தடியில் சமையல். சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேன். "பிரமாதம்" என்று இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். இவர் பொய் சொல்வார் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

பிப்ரவரி 17, செவ்வாய்

காரவள்ளி அடிவாரம். இங்கிருந்து கொல்லிமலை உச்சிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவில் இவர் பாட்டுப் பாடினார். இரண்டாவதில் விசில். மூன்றாவதில் வண்டிக்கு மூச்சு வாங்கியது. ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தும், ஆஸ்துமாக்காரர் மாடிப்படி ஏறுவது போல உறுமிக்கொண்டு நகர மறுத்தது. பின்னால் கரும்புகை. அதற்குப் பின்னால் ஒரு பஸ்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்க சார், மலையேற வந்தீங்களா, கொசு மருந்து அடிக்க வந்தீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். பஸ்ஸை முன்னே விட்டுவிட்டு, பின்னாலேயே உருட்டிக் கீழே வந்து சேர்ந்தோம். தென்னந்தோப்புக்காரி பாவாயி, "இங்கயே நிறுத்திக்கோங்க, பம்ப்செட்டுல குளிச்சுக்கோங்க" என்று இடம் கொடுத்தார்.

காப்பி குடிக்கும்போது இவர் மலையைப் பார்த்தபடி சொன்னார்: "இந்த வண்டி மேல ஏறுச்சுன்னா ஊரோட இருந்துடுறேன். ஏறலன்னா அதுதான் பதில். மஸ்கட்டுக்கே போயிடுறேன்."

விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. எனக்கு இவர் முகம் அவ்வளவாகப் பழக்கமில்லை.

எப்படியானாலும் வண்டியின் கோளாறைக் கண்டுபிடித்தாக வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் இருந்தவளுக்கு, காரணம் தெரியாத நோய் என்றால் ஆகாது. வேறு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 18, புதன்

சேந்தமங்கலத்திலிருந்து மெக்கானிக் தனபால் வந்தார். எஞ்சின் முன்சீட்டுகளுக்கு நடுவே, தரைக்குக் கீழே இருக்கிறது. அதைத் திறக்க வேண்டுமென்றால் முன்பக்கச் சாமான் அத்தனையும் இறங்க வேண்டும். இவர் தன் அடுக்கை அடுத்தவர் கலைக்க விடமாட்டார். மெக்கானிக் வருவதற்கு முன்னாலேயே ஒவ்வொன்றாகத் தானே இறக்கித் தென்னை மரங்களுக்கு அடியில் பரப்பி வைத்தார். வழியே போன இரண்டு பெண்கள் சந்தை என்று நினைத்து வந்து, என் குக்கருக்கு விலை கேட்டார்கள். மனசாரக் குறைத்துக் கேட்டார்கள்.

"டீசல் ஃபில்டர் அடைச்சுப் போச்சுங்க" என்று தனபால் புதுசு மாட்டினார். ஓட்டிப் பார்க்க ஐந்தாவது வளைவு வரை போய்விட்டுச் சிட்டாகத் திரும்பி வந்தார். இவர் கை கொடுத்தார். நான் இளநீர் கொடுத்தேன். சாமானை முழங்காலால் ஏற்றினோம், கிளம்பினோம்.

மூன்றாவது வளைவு. கரும்புகை.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று நான்காவது வளைவு வரை போனோம். ஒரு வளைவு முன்னேற்றம். பாவாயி தேங்காய் உடைத்தார்.

பிப்ரவரி 20, வெள்ளி

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

மஸ்கட்டில் வெள்ளிதான் லீவு. அதனால் வெள்ளி தோறும் காலை பத்து மணிக்கு எனக்குப் போன் வரும். இன்று பத்து மணிக்கு நான் வேனுக்குள் அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. இவர் பெயர். எட்டிப் பார்த்தால், ஐந்தடி தள்ளி ஒரு தென்னை மரத்தில் சாய்ந்துகொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்.

எடுத்தேன். "சாப்டியா?" என்றார்.

"இனிமேதான். நீங்க?"

"இனிமேதான். அங்க வெயில் எப்படி?"

"அங்க எப்படியோ அப்படித்தான்."

சிரித்தார். அப்புறம் பேசினோம் பாருங்கள்! கயலின் மாமியாரில் ஆரம்பித்து, இவர் ரூமில் ஒரு பாகிஸ்தான்காரரிடம் ரொட்டி போடக் கற்றது, நான் ஒரு தடவை எம்.எல்.ஏ. ரத்தப் பாட்டிலைக் கீழே போட்டு உடைத்தது வரை. வேனுக்குள் எதிரெதிரே உட்கார்ந்தால் "ம்", "சரி" என்பதோடு முடிந்துவிடுகிறது. போனில் அருவி. அரிசி ஊறிக் குழைந்தே போய்விட்டது. கஞ்சியாக்கிக் குடித்தோம். எனக்கு ஏன் இன்றைக்கு முழுவதும் காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது என்று தெரியவில்லை. பித்தமாக இருக்கலாம்.

பிப்ரவரி 21, சனி

இன்று நாமக்கல்லிலிருந்து அர்த்தநாரி வந்தார். லாரி எஞ்சினை ஒலி கேட்டே சொல்லிவிடுவாராம். எஞ்சினில் காது வைத்துக் கேட்டார், கண்ணை மூடினார். "பம்புங்க" என்றார். பம்பைக் கழற்றிச் சரிசெய்தார். டீசல் பீச்சும் ஊசிகளைத் துடைத்தார். ஏர் ஃபில்டரை எடுத்து ஊதிப் பார்த்தார், பளிச்சென்று இருந்தது. வழக்கம்போல நாங்கள் சாமான்களோடு மரத்தடியில் அகதிகளாக உட்கார்ந்திருந்தோம். ஓட்டிப் பார்க்கப் பத்தாவது வளைவு வரை போய் வந்தார். மீசையை முறுக்கிக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினார்.

இவர் சாமானை ஏற்றினார். மூன்றாவது வளைவில் நின்றோம். அர்த்தநாரிக்குப் போன் போட்டோம். அவர் நம்பவில்லை. மறுபடி வந்து சாமானை இறக்கச் சொல்லி ஓட்டினார். பறந்தது.

"அக்கா" என்றார், அழாத குறையாக. "இந்த வண்டி என்னைய மட்டும் அவமானப்படுத்தறதுக்குன்னே பொறந்துருக்குதுங்க."

ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கும் நோயாளி, வீட்டுக்குப் போனதும் படுத்துக்கொள்கிறான் என்றால் வீட்டில்தானே ஏதோ இருக்க வேண்டும்? இவரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "லோடா இருக்கும்" என்றார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

லோடும் இல்லை. எடை மேடையில் ஏற்றிப் பார்த்தோம். "இதே மாதிரி வண்டியில இருபது பேரு, சோத்துக் குண்டாவோட மேல கோயிலுக்குப் போறாங்க. இதெல்லாம் ஒரு பாரமுங்களா?" என்று எடை போட்டவர் கேட்டார். இருந்தாலும் அரிசி மூட்டையையும் ஒரு குடம் தண்ணீரையும் பாவாயி வீட்டில் இறக்கிவிட்டு ஏறினோம். அதே வளைவு. அந்த வளைவில் இருக்கும் குரங்குகளுக்கு இப்போது எங்களை அடையாளம் தெரிகிறது.

மத்தியானம் இவர் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதி பார்த்தார். நான் வெங்காயம் நறுக்கினேன். ரொம்பக் காரமான வெங்காயம்.

பிப்ரவரி 23, திங்கள்

ஏறியது! ஏறியது! ஏறியது!

நடந்தது இதுதான். காலையில் குரியன் சார் போன். இவர் தோப்புக் கடைசிக்கு நடந்துகொண்டே பேசப் போய்விட்டார். எவ்வளவு நேரமாகப் பேசுகிறார், எதற்குச் சிரிக்கிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பதிலாக, வண்டியைக் கூட்டுவதற்காக இறக்கி வைத்திருந்த சாமானை நானே ஏற்றினேன். என் அடுக்கு ஊர் அறிந்தது. எல்லாம் அப்படியே அள்ளிப் போட்டேன். இவர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த புலிப்படம் போட்ட தடிப் போர்வை மட்டும், முன்சீட்டுக்குக் கீழே இருக்கும் அதன் பொந்துக்குள் போக மறுத்தது. அதற்கு இவருடைய முழங்கால் வேண்டும். கட்டில் மேல் வீசிவிட்டேன்.

திரும்பி வந்து வண்டியை எடுத்தார். மூன்றாவது வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் ஏழாவது. குரங்குகள் ஏமாந்து நின்றன. பதினைந்து, பதினாறு! இவர் ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறார், நான் ஜன்னல் வழியாக மலைக்கே கையாட்டுகிறேன். இருபத்தோராவது வளைவில், நாலு மணிக்குக் குரியன் சார் மறுபடி கூப்பிடுவார், மேலே போகப் போக சிக்னல் இல்லை என்று வண்டியைத் திருப்பிவிட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"எப்படிங்க சரியாச்சு?"

"அர்த்தநாரி பண்ண வேல, இப்பத்தான் புடிச்சிருக்கும்" என்றார். மாத்திரையா, மெதுவாகப் பிடிக்க? நான் நம்பவில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் மாறியது என்ன என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் பரிசோதனைக் கூடத்து வழக்கம், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் நேற்றைப் போலவே இருக்க, இவர் குளிக்கப் போன நேரத்தில் புலிப் போர்வையை மட்டும் அதன் பொந்துக்குள் திணித்தேன். முழங்கால் தோல் உரிந்துவிட்டது. "மேல அஞ்சாவது வளைவுல கீரை விக்குதாம், வாங்க" என்று இவரை அழைத்துப் போனேன். மூன்றாவது வளைவில் படுத்தது. இவர் இறங்கி, புகைக்குழாயை உற்றுப் பார்த்து அதைத் திட்டிக்கொண்டிருந்தபோது, போர்வையை உருவி எடுத்தேன். "இன்னொரு தடவ எடுத்துப் பாருங்க" என்றேன். துள்ளி ஏறியது. கீரைதான் இல்லை. "வித்துப்போச்சு போல" என்றேன்.

பிறகு தனியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பொந்தின் கடைசியில் ஒரு சல்லடைத் தகடு. நான் அதை ஸ்பீக்கர் என்று நினைத்திருந்தேன். அதன் வழியாகத்தான் எஞ்சின் காற்று இழுக்கிறது! ரோட்டுப் புழுதி போகாமல் இருக்கட்டும் என்று பட்டறைக்காரர்கள் குழாயை உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சமதரையில் கிடைத்த காற்றைக் குடித்துக்கொண்டு சமாளிக்கிறது. ஏற்றம் வந்தால் மூச்சு முட்டுகிறது. டீசல் எரியாமல் புகையாகப் போகிறது. ஒவ்வொரு மெக்கானிக்கும் வருவதற்கு முன்னால் இவர் போர்வையை இறக்கிவிடுவார். அவர்கள் போனதும் முழங்காலால் ஏற்றிவிடுவார். அப்புறம் எந்த அர்த்தநாரிக்குத்தான் பிடிபடும்?

"ஏ.சி. முன்னாடி சாமான் வெக்காதீங்க, அதுக்குக் காத்து வேணும்" என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் இவர்!

சொல்லத்தான் வாயெடுத்தேன். இவர் அப்போது ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் நடுவில் அப்பளம் செருகிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த இந்த நாலு மாதத்தில், சமையல் என்னுடையது, கணக்கு வழக்கு என்னுடையது, உறவுக்காரர்களைச் சமாளிப்பதும் நான்தான். இவருக்கென்று மிச்சம் இருப்பது இந்த அடுக்கு ஒன்றுதான். அதுவும் தப்பு என்று நான் எந்த வாயால் சொல்வது? குரியன் சாருக்குப் பதில் சொல்ல வேண்டிய வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

பிப்ரவரி 25, புதன்

காலையில் இவர் புலியைத் தேடினார். நான் சட்டென்று எடுத்துப் போர்த்திக்கொண்டேன். "எனக்குக் குளுருது" என்றேன். வெளியே வெயிலில் பாவாயியின் நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடந்தது.

இவர் பதறிப்போய்விட்டார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அந்தத் தடிப் போர்வைக்குள் நெற்றி கொதிக்காமல் என்ன செய்யும்? "நெருப்பாச் சுடுதே!" என்று மாத்திரை வாங்க ஓடினார். மிளகு ரசம் வைத்தார். ரசமா அது, அமிர்தம். கரண்டியால் ஊட்டினார். பாவாயி வேறு எட்டிப் பார்த்து, "கொடுத்து வெச்சவீங்க" என்றார். வியர்வை ஆறாக ஓடியது. எனக்கு ஒருவர் ரசம் வைத்துக் கொடுத்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

மத்தியானம் இவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மங்கை, ஒன்னு கேட்டா மறைக்காமச் சொல்லு. இந்தப் போர்வைய எதுக்கு எங்கிட்டேருந்து ஒளிக்கிற?"

"ஒளிக்கலியே."

"நேத்து வளைவுல நீ உருவுனத சைடு கண்ணாடில பாத்தேன்."

இனி என்ன செய்ய? எழுந்து, முன்சீட்டுப் பொந்தைத் திறந்து டார்ச்சை அடித்துக் காட்டினேன். இவர் குனிந்து பார்த்தார். சல்லடையில் கை வைத்தார். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தார், தோள் குலுங்கியது. ஐயோ, அழ வைத்துவிட்டோமே என்று டார்ச்சைக் கீழே வைத்தேன்.

அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து, தொடையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அர்த்தநாரி மீசைய எடுத்துருப்பானே பாவம்! நான்ல அடைச்சு வெச்சிருக்கேன்!" நானும் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. வெளியே நின்ற பாவாயி என்ன நினைத்தாரோ, தோட்டத்துப் பக்கம் வேகமாகப் போய்விட்டார்.

சிரித்து முடித்ததும் இவர் முகம் மாறியது. "அப்ப வண்டி ஏறிடும்" என்றார். புலிப் போர்வையை மடித்துக் கட்டில் மேல் வைத்தார்.

பிப்ரவரி 26, வியாழன்

எழுபது வளைவையும் ஏறினோம். ஒவ்வொன்றையும் இரண்டு பேரும் கத்திக் கத்தி எண்ணினோம். எழுபதாவது வந்தபோது இவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. உச்சியில் பலாப்பழம் விற்கும் இடத்தில் நிறுத்தினோம். குளிர்ந்த காற்று. கீழே தோப்பெல்லாம் புல்லாகத் தெரிந்தது. என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக எந்த இடத்துக்கும் போய் இறங்கியதில்லை.

இறங்கி ஒரு சுளைகூட வாயில் போடவில்லை, சிக்னல் வந்துவிட்டது. போன் அடித்தது. குரியன் சார்.

இவர் எடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன சொல்லட்டும்?"

"வண்டி ஏறுனா இருந்துடுறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வண்டி சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு."

"உங்க இஷ்..."

"அதத்தான் இருவத்து நாலு வருசமாச் சொல்ற." போன் அடித்து ஓய்ந்தது. "ஏர்போர்ட்டுல உள்ள போறப்ப ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாப்பேன். மத்த பொம்பளைங்கள்லாம் அழுவும். நீ 'தைலம் எடுத்துக்கிட்டீங்களா'ன்னு கேப்ப. சரி, நாம இல்லாததுதான் இவளுக்குச் சௌரியம்னு நெனச்சுக்கிட்டுப் போயிடுவேன்."

நான் இவர் பக்கம் திரும்பினேன். "கெளம்புறவங்களப் போவாதேன்னு சொல்லக் கூடாதுங்க. அழுவக் கூடாது. வழிப்பயணத்துக்கு ஆவாதுன்னு சொல்லித்தானே வளத்தாங்க? வீட்டுக்கு வந்து அழுவேன். நாலு நாளைக்குச் சோறு எறங்காது."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொன்னதில்லை. போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

"போகாதீங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"காத்து அடிக்குது. கேக்கல."

"போகாதீங்க!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

"போகாதீங்கன்னு சொல்றேன்ல! போகக் கூடாது! ஒரு நாளு கூடப் போகக் கூடாது!"

பலாப்பழக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். சுற்றுலா வந்த ஒரு பஸ் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமே வரவில்லை. ஐம்பது வயதில் நடுரோட்டில் நின்றுகொண்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கத்தினேன், கத்தக் கத்த உடம்பு லேசாகிக்கொண்டே போனது.

இவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "சாரே, வைரக்கண்ணு பேசறேன். மன்னிச்சுக்குங்க, வர முடியாது."

அந்தப் பக்கம் குரியன் சார், "அதெந்தா? என்ன காரணம்னு மேல எழுதணும் வைரக்கண்ணு" என்றார்.

இவர் என்னைப் பார்த்துக்கொண்டே, பல்லெல்லாம் தெரிய, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "வீட்ல விட மாட்டேங்கறாங்க சார்."

உலகத்துப் புருஷன்மார்கள் எல்லாரும் பெண்டாட்டி மேல் போடும் அந்தப் பழி, எனக்கு இன்றைக்குத்தான் முதல் முறையாகக் கிடைத்திருக்கிறது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.